ஆஸ்திரேலிய மாநிலங்களின் போலீஸ் மந்திரி, அவசர சேவை மந்திரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னி, மெல்பர்ன் பக்கம் புதிதாக வந்து குடியேறியவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பெற்றோர்கள், பல வருடம் இங்கேயே இருந்தும் மாநில அரசு என்னதான் செய்கிறது என்று பிடிபடாதவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்டவை இவை. கேட்ட வரிசையில் இல்லை. ஒன்று புரிந்தால் அடுத்தது புரியும் என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். மந்திரிகளின் பெயரும் துறையும் அடிக்கடி மாறும் என்பதால் எந்த வருடம் யார் என்று சேர்த்தே சொல்கிறேன்.

போலீஸ் மந்திரி என்பவர் மத்திய அரசு இருக்கும் கான்பெராவில் இருப்பவரா?

இல்லை. உங்கள் தெருவில் ரோந்து வருவது மாநில அரசின் போலீஸ். 1901-இல் ஆறு காலனிகளும் சேர்ந்து ஒரு நாடானபோது ஒவ்வொன்றிடமும் ஏற்கெனவே ஒரு போலீஸ் படை இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1838 முதல், விக்டோரியாவில் 1853 முதல், நியூ சவுத் வேல்ஸில் 1862 முதல், குயின்ஸ்லாந்தில் 1864 முதல். மத்திய அரசுக்கு அரசியல் சாசனம் கொடுத்த அதிகாரப் பட்டியலில் போலீஸ் இல்லை. அதனால் அது மாநிலங்களிடமே தங்கிவிட்டது. ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் 1979-இல்தான் வந்தது. பயங்கரவாதம், நாடு தாண்டிய போதைப்பொருள் கடத்தல் மாதிரியான மத்தியச் சட்டக் குற்றங்கள் அவர்கள் பொறுப்பு. கான்பெரா பகுதியில் மட்டும் தெருப் போலீஸும் அவர்களே.

ஆக, சிட்னியில் கார் திருட்டு கூடிவிட்டது என்று பிரதமரைத் திட்டிப் பயனில்லை. மேக்குவரி தெருவில் இருக்கும் மாநில நாடாளுமன்றத்தைப் பார்த்துத் திட்ட வேண்டும்.

போலீஸ், அவசர சேவைகள் இரண்டும் ஒரே மந்திரியிடமா?

சில சமயம். நியூ சவுத் வேல்ஸில் 2019 முதல் 2021 வரை டேவிட் எலியட் இரண்டையும் வைத்திருந்தார். அப்புறம் பிரித்தார்கள்: போலீஸ் பால் டூலுக்கு, அவசர சேவைகள் ஸ்டெஃப் குக்குக்கு. 2023-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் பிரிவு நீடித்தது. யாஸ்மின் கேட்லி போலீஸ் மந்திரி, ஜிஹாத் டிப் அவசர சேவை மந்திரி. குயின்ஸ்லாந்தில் 2024 இறுதியில் வந்த புதிய அரசு இரண்டையும் சேர்த்து டான் பர்டியிடம் கொடுத்தது. டாஸ்மேனியா சின்ன மாநிலம், அங்கே போலீஸ், தீயணைப்பு, பேரிடர் எல்லாம் ஒரே பெயர்ப்பலகையின் கீழ்.

பிரிப்பதா சேர்ப்பதா என்பதை முதல்வர், அதாவது பிரீமியர், தன் கட்சிக்குள் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார் என்பது என் எண்ணம். நிர்வாகக் காரணம் கேட்டால் அதையும் ஒன்று சொல்வார்கள்.

அவசர சேவைகள் என்றால் ஆம்புலன்ஸும் சேர்ந்ததா?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் ஆம்புலன்ஸ் சுகாதாரத் துறையோடு இருக்கிறது. அவசர சேவை மந்திரியிடம் இருப்பவை நகரத் தீயணைப்பு, ஊர்ப்புறத் தீயணைப்பு, அப்புறம் வெள்ளம், புயலுக்கு வரும் மாநில அவசர சேவை. கடைசியில் சொன்னதை எல்லோரும் எஸ்இஎஸ் என்றுதான் சொல்வார்கள். ஆரஞ்சு நிற உடையில் வருபவர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருப்பது இதுதான்: இதில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். நியூ சவுத் வேல்ஸ் ஊர்ப்புறத் தீயணைப்புப் படையில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள். எஸ்இஎஸ் பிறந்ததே ஒரு வெள்ளத்தில்தான். 1955 பிப்ரவரியில் ஹண்டர் ஆறு பெருகி மெய்ட்லண்ட் ஊரை மூழ்கடித்த பிறகு அதே வருடம் தொடங்கினார்கள். மந்திரியின் கீழே ஒரு படை இருக்கிறது, ஆனால் அதில் முக்கால்வாசிப் பேரை வேலையை விட்டு நீக்கவும் முடியாது, ஓவர்டைம் கொடுத்து இழுக்கவும் முடியாது. இந்தத் துறையின் பாதித் தலைவலி இங்கிருந்து வருகிறது. கீழே விக்டோரியா கதையில் பார்ப்போம்.

சரி, மந்திரி போலீஸுக்கு உத்தரவு போடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நம் ஊர் அனுபவத்தில் "மந்திரிக்குத் தெரிந்தவர், ஒரு போன் போட்டால் போதும்" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

பதில்: போடலாம், ஆனால் எதைப் பற்றி, எப்படி என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

நியூ சவுத் வேல்ஸின் 1990 போலீஸ் சட்டம், படையை நிர்வகிக்கும் பொறுப்பு கமிஷனருக்கு என்கிறது. ஆனால் "மந்திரியின் வழிகாட்டலுக்கு உட்பட்டு" என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. அந்த வால் எவ்வளவு நீளம் என்று சட்டம் விளக்கமாகச் சொல்லவில்லை. பழக்கமும் அரசியல் கூச்சமும்தான் அளவு. 2001 இறுதியில் மைக்கேல் கோஸ்டா போலீஸ் மந்திரியானபோது, படையை நடத்துவது கமிஷனர் பீட்டர் ரயனா, மந்திரியா என்று பத்திரிகைகள் வெளிப்படையாகவே கேட்டன. சில மாதங்களில், 2002 ஏப்ரலில், ரயன் போய்விட்டார்.

விக்டோரியா இதை வெட்டவெளிச்சமாக எழுதி வைத்திருக்கிறது. 2013 சட்டப்படி மந்திரி கொள்கை, முன்னுரிமை பற்றி எழுத்தில் வழிகாட்டலாம். ஒரு குறிப்பிட்ட ஆளை விசாரி, விசாரிக்காதே, வழக்குப் போடு, போடாதே என்று சொல்லக் கூடாது. எந்த இடத்துக்கு எத்தனை போலீஸை அனுப்ப வேண்டும் என்பதும் அவர் வேலை இல்லை.

குயின்ஸ்லாந்தில் மந்திரி கொடுக்கும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். கமிஷனர் அதைப் பதிவேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். அந்தப் பதிவேடு கடைசியில் நாடாளுமன்றத்தின் கண்ணுக்குப் போகும். தெற்கு ஆஸ்திரேலியாவில் உத்தரவை அரசிதழில் போட வேண்டும், அவையிலும் வைக்க வேண்டும்.

மொத்தத்தில் "வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு" என்பதுதான் சாரம். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாலே பாதி உத்தரவுகள் மந்திரியின் பேனாவுக்கு வராது.

இந்த "எழுதிக் கொடு" விதி எங்கிருந்து வந்தது?

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில் ஒரு நாற்சந்தியிலிருந்து.

1970 செப்டம்பர். வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம். கிங் வில்லியம் தெருவும் நார்த் டெரஸும் சந்திக்கும் இடம், அதாவது நகரின் நட்டநடு, அங்கே வந்து உட்காரப் போகிறார்கள் என்று தெரியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், போக்குவரத்தை வேறு பக்கம் திருப்பி விடுங்கள் என்பது பிரீமியர் டான் டன்ஸ்டனின் விருப்பம். கமிஷனர் மெக்கின்னா மறுத்துவிட்டார். சாலையை அடைப்பது சட்டத்துக்கு விரோதம், நான் சட்டத்தைத்தான் பார்ப்பேன் என்பது அவர் நிலை. போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது, கைது நடந்தது, ஊரெல்லாம் சர்ச்சை.

நீதிபதி பிரைட் தலைமையில் ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையத்தை அரசு வைத்தது. கேள்வி எளிது: மக்கள் தேர்ந்தெடுத்த அரசு சொல்வதைப் போலீஸ் கேட்க வேண்டுமா, வேண்டாமா? கேட்க வேண்டும் என்றால், மந்திரி தன் எதிரியைப் பிடிக்கச் சொன்னாலும் கேட்பார்களா? வேண்டாம் என்றால், துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு படை யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்குமா? பிரைட் நடுவில் ஒரு வழி சொன்னார். அரசு உத்தரவிடட்டும், ஆனால் ஊரறிய உத்தரவிடட்டும். 1972-இல் அது சட்டமானது.

கதை அங்கே முடியவில்லை. அடுத்து வந்த கமிஷனர் ஹரால்ட் சாலிஸ்பரி, இங்கிலாந்திலிருந்து வந்தவர். போலீஸின் ஸ்பெஷல் பிராஞ்ச் என்ற உளவுப் பிரிவு, தொழிற்கட்சி ஆட்கள், தொழிற்சங்கத்தார், போராட்டக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மேல் ரகசியக் கோப்பு வைத்திருந்தது வெளியே வந்தது. அரசு கேட்டபோது சாலிஸ்பரி சரியான தகவல் தரவில்லை. 1978 ஜனவரி 17-ஆம் தேதி டன்ஸ்டன் அவரைப் பதவி நீக்கினார். ஊர் இரண்டுபட்டது. மறுபடி ஒரு ராயல் கமிஷன், இந்த முறை நீதிபதி ரோமா மிட்செல். அரசைத் தவறாக வழிநடத்திய கமிஷனரை நீக்கியது நியாயமே என்று அவர் அறிக்கை சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும். முதல் கதையில் கமிஷனர் அரசுக்கு அடங்க மறுத்தார், ஆனால் வெளிப்படையாக மறுத்தார். அவர் வேலை போகவில்லை, சட்டம்தான் மாறியது. இரண்டாவதில் மறைத்தார், வேலை போனது.

மந்திரியும் போலீஸும் கைகோர்த்துக்கொண்டால்?

அதற்குக் குயின்ஸ்லாந்து இருக்கிறது.

1976-இல் அங்கே கமிஷனர் ரே விட்ரட், நேர்மையான மனிதர். பிரிஸ்பேன் ஊர்வலம் ஒன்றில் ஒரு மாணவியை போலீஸ் அதிகாரி தடியால் அடித்தார் என்ற புகாருக்கு விசாரணை வைக்க முயன்றார். போலீஸ் மந்திரி மேக்ஸ் ஹாட்ஜஸும் அவர் பக்கம். பிரீமியர் ஜோ பியெல்கி பீட்டர்சன், விசாரணை கிடையாது என்றார். கொஞ்ச நாளில் ஹாட்ஜஸிடமிருந்து போலீஸ் துறை பிடுங்கப்பட்டது. பிறகு சார்லவில் என்ற தூரத்து ஊரில் இன்ஸ்பெக்டராக இருந்த டெர்ரி லூயிஸை விட்ரடின் எதிர்ப்பை மீறித் தூக்கி உதவிக் கமிஷனர் ஆக்கினார்கள். விட்ரட் அந்த நவம்பரில் ராஜினாமா செய்தார். லூயிஸ் கமிஷனர் ஆனார்.

அடுத்த பத்து வருடம் சூதாட்டமும் விபச்சார விடுதியும் மாமூலில் ஓடின. பல மந்திரிகள் வந்து போனார்கள். அப்படி எதுவும் இல்லை என்றே சொல்லிவந்தார்கள். 1987 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. பிரீமியர் ஊரில் இல்லாத நேரம். துணை பிரீமியரும் போலீஸ் மந்திரியுமான பில் கன், முந்தைய மந்திரிகள் தலைமேல் தொங்கிய இந்தப் பழி என் தலைமேலும் தொங்க வேண்டாம் என்று சொல்லி விசாரணைக்கு உத்தரவிட்டார். சில வாரத்தில் முடியும் என்று நினைத்தது டோனி ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் இரண்டு வருடம் ஓடியது. 1989 ஜூலையில் அறிக்கை வந்தபோது பியெல்கி பீட்டர்சன் பதவியில் இல்லை. அந்த டிசம்பரில் அவர் கட்சியும் ஆட்சியில் இல்லை. லூயிஸுக்கு 1991-இல் 14 வருடச் சிறை. முன்பு போலீஸ் மந்திரியாக இருந்த ரஸ் ஹின்ஸ் மேல் லஞ்ச வழக்கு, விசாரணைக்கு வருவதற்குள் இறந்துவிட்டார்.

மேலே சொன்ன பதிவேடு இந்த அறிக்கைக்குப் பின் வந்த 1990 சட்டத்தில்தான் இருக்கிறது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் ஃபிட்ஸ்ஜெரால்ட் இல்லை, பதவியே போனாலும் கமிஷனருக்குத் துணை நின்ற ஹாட்ஜஸ்தான். அவர் பெயர் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

காட்டுத் தீ, வெள்ளம் வந்தால் மந்திரி என்ன செய்வார்?

குழாயைப் பிடிக்க மாட்டார். நியூ சவுத் வேல்ஸில் அவசர நிலையை அறிவிப்பது பிரீமியர். 2019-20 கோடையில் கிளாடிஸ் பெரெஜிக்லியன் மூன்று முறை அறிவித்தார்: நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, ஜனவரி தொடக்கத்தில் ஒன்று. அறிவித்தால் மக்களை வெளியேற்றவும், பிற துறைகளை ஏவவும் கூடுதல் அதிகாரம் வரும். அதைக் களத்தில் பயன்படுத்தியவர் ஊர்ப்புறத் தீயணைப்பு கமிஷனர் ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ். அந்தக் கோடை முழுக்கத் தொலைக்காட்சியில் அவர் முகம்தான்.

அப்போது மந்திரி எங்கே? டேவிட் எலியட் டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கு விடுமுறை போனார். தொண்டர்கள் கிறிஸ்துமஸைக் கூடக் கொண்டாடாமல் நெருப்பு முன் நிற்கிறார்கள், மந்திரி விமானம் ஏறுகிறார். கண்டனம் வெடித்ததும் பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பினார். அதே மாதம் பிரதமர் ஸ்காட் மோரிசன் ஹவாய் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். எலியட் இங்கே இருந்திருந்தால் ஒரு மரமாவது எரியாமல் இருந்திருக்குமா? இருக்காது. இருந்தும் அந்தக் கோடைத் தீயில் நாடு முழுக்க 33 பேர் இறந்தார்கள், அதில் 9 பேர் தீயணைப்பு வீரர்கள். சாவு வீட்டுக்குப் போய் நின்றால் செத்தவர் எழுந்து வரப்போவதில்லை, ஆனாலும் போகாமல் இருக்கிறோமா?

விக்டோரியாவில் கேள்வி வேறு விதமாக வந்தது. 2009 பிப்ரவரி 7, ஒரே நாளில் 173 பேரைக் கொன்ற தீ. போலீஸ், அவசர சேவை மந்திரி பாப் கேமரன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். ஆனால் அன்றைய போலீஸ் தலைமைக் கமிஷனர் கிறிஸ்டின் நிக்சன் மாலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது பிறகு ராயல் கமிஷனில் தெரிந்து, பெரும் விமர்சனத்துக்கு ஆளானார். கேமரன் மேலும் ஒரு குறை சொன்னது அந்த ராயல் கமிஷன்: பேரிடர் நிலை அறிவிக்கலாமா என்று பிரீமியரிடம் பேச்சையாவது எடுத்திருக்க வேண்டும். அந்த அதிகாரம் சட்டத்தில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அதை எடுத்தது 2020 ஜனவரியில், கிழக்கு கிப்ஸ்லாந்து எரிந்தபோது, பிரீமியர் டேனியல் ஆண்ட்ரூஸ்.

வெள்ளத்துக்கு நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோர் ஊர். 2022 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆற்றின் மட்டம் 14.4 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன் பதிவான உச்சத்தைவிட இரண்டு மீட்டருக்கும் மேல். தண்ணீர் மாடி ஜன்னலைத் தொட்டது. ஜனங்கள் கூரை மேல். எஸ்இஎஸ் படகுகள் போதவில்லை. ஊர்க்காரர்களே மீன்பிடிக்கும் அலுமினியப் படகுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டாரை ஓட்டைப் பிரித்து இறக்கினார்கள். பிறகு நடந்த விசாரணைக்குப் பின் பேரிடருக்குப் பின் மீண்டெழ உதவ இருந்த அமைப்பையே அரசு கலைத்து வேறொன்று வைத்தது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் துறையின் பெயர்ப்பலகை மாறுவது இங்கே வழக்கம்.

மந்திரிகள் ராஜினாமா செய்ததுண்டா?

உண்டு. சிரிப்பானது முதலில். 2008 செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் மந்திரியான மேட் பிரவுன் மூன்றே நாளில் போனார். நாடாளுமன்ற அலுவலகத்தில் முன்பு நடந்த விருந்தில் உள்ளாடையோடு இருந்த விஷயம் வெளியே வந்தது. அதைப் பற்றிப் பிரீமியரிடம் நேராகச் சொல்லவில்லை என்பதுதான் பதவியைப் பறித்தது.

சிரிக்க முடியாதது 2016 ஜூனில், விக்டோரியாவில். அங்கே ஊர்ப்புறத் தீயணைப்பில் பல்லாயிரம் தொண்டர்கள், கூடவே சம்பளம் வாங்கும் வீரர்கள். சம்பள வீரர்களின் சங்கம் ஒரு ஒப்பந்தம் கேட்டது. அது வந்தால் தொண்டர்கள் இரண்டாம் தரம் ஆகிவிடுவோம் என்று பயந்தார்கள். பிரீமியர் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தார். அவசர சேவை மந்திரி ஜேன் காரெட் என்னால் இதற்குக் கையெழுத்துப் போட முடியாது என்று விலகினார். அன்றைக்கே தீயணைப்பு வாரியமும் கலைக்கப்பட்டது. சண்டை அதோடு ஓயவில்லை. 2020 ஜூலையில் சம்பள வீரர்களைத் தனிப் படையாகப் பிரித்து, ஊர்ப்புறத் தீயணைப்பைத் தொண்டர்களுக்கே விட்டுவிட்டார்கள்.

போலீஸ் மந்திரி போலீஸில் இருந்தவராக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தால் போதும். நியூ சவுத் வேல்ஸில் போலீஸ் மந்திரியாக இருந்த டிராய் கிரான்ட், மேலே சொன்ன குயின்ஸ்லாந்தின் டான் பர்டி இருவரும் முன்னாள் போலீஸ்காரர்கள். அது நல்லதா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். மாமியார் வீட்டுக் கணக்கை மருமகனே தணிக்கை செய்வது மாதிரி.

எங்கள் வீட்டில் திருட்டு, போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை. மந்திரிக்கு எழுதலாமா?

எழுதலாம். என்ன வரும் என்று சொல்கிறேன். நண்பர் ஒருவர் கராஜிலிருந்து இரண்டு சைக்கிளும் ஒரு கருவிப் பெட்டியும் போனதற்கு, தேதி நேரத்தோடு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பல வாரம் கழித்துத் தடித்த உறையில் அழகான லெட்டர்ஹெட்டில் நாலு வரி வந்தது. நடந்ததற்கு வருத்தம், இது போலீஸின் செயல்பாட்டு விஷயம், மந்திரி தலையிட இயலாது, உங்கள் கடிதம் உரியவர்களுக்கு அனுப்பப்பட்டது. அவர் அதை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். தட்டிக்கழிக்கிறார்கள் என்பது அவர் கட்சி. நான் சொன்னேன், உங்கள் சைக்கிளுக்காக ஒரு மந்திரி போன் போடலாம் என்றால் நாளைக்கு இன்னொருத்தருக்காக உங்கள் மேல் கேஸ் போடவும் போன் வரும்.

போலீஸின் நடத்தை பற்றிய புகார் என்றால் வழி வேறு. நியூ சவுத் வேல்ஸில் போலீஸை மேற்பார்க்கத் தனி ஆணையம் 2017 முதல் இருக்கிறது. விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் ஊழல் தடுப்பு ஆணையங்கள் இந்த வேலையைப் பார்க்கின்றன. உங்கள் தொகுதி மாநில எம்பியும் கேள்வி கேட்கலாம். அவர் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாக வரும்.

அப்படியென்றால் எதற்கெடுத்தாலும் "செயல்பாட்டு விஷயம்" என்று மந்திரி தப்பித்துக்கொள்ளலாமே?

தப்பித்துக்கொள்கிறார்கள், அது உண்மை. 2023 மே மாதம் நியூ சவுத் வேல்ஸின் கூமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் 95 வயது மூதாட்டி மேல் போலீஸ்காரர் டேசர் என்ற மின் அதிர்ச்சிக் கருவியைப் பாய்ச்சினார். மூதாட்டி சில நாளில் இறந்தார். மந்திரி ஏன் தள்ளி நிற்கிறார் என்று பத்திரிகைகள் கேட்டன. விசாரணை நடக்கும்போது மந்திரி வாய் திறந்தால் நாளைக்கு வழக்கே கெடும் என்பது ஒரு நியாயம். கொலையாகாத மரணம் விளைவித்த வழக்கில் அந்த அதிகாரி குற்றவாளி என 2024 நவம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. ஆனால் டேசர் யாரிடம், எந்த நிலையில் பயன்படுத்தலாம் என்ற விதி கொள்கை விஷயம். அதற்கு மந்திரி பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்தால் மந்திரி நழுவ முடியாது. பட்ஜெட் எஸ்டிமேட்ஸ் என்ற குழு விசாரணைகளில் எதிர்க்கட்சியினர் மணிக்கணக்கில் இதைத்தான் செய்கிறார்கள். ஒருநாள் நேரலையில் பாருங்கள், டெஸ்ட் மேட்ச் பொறுமை வேண்டும்.

இதற்கெல்லாம் பணம்?

பட்ஜெட்டிலிருந்து, கூடவே ஒரு தனி வரி. நியூ சவுத் வேல்ஸில் அது வீட்டு இன்ஷூரன்ஸ் பில்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுக்காதவர் கட்டுவதில்லை. 2017-இல் எல்லாச் சொத்து மேலும் போடலாம் என்று கிளம்பி, எதிர்ப்பைப் பார்த்துக் கைவிட்டார்கள். விக்டோரியாவில் 2013 முதல் சொத்து மேல். 2025 ஜூலை முதல் அதையே பெரிதாக்கி அவசர சேவைகள், தொண்டர்கள் நிதி என்று பெயர் வைத்தபோது விவசாயிகளும், யார் பெயரில் வரி வைத்தார்களோ அந்தத் தொண்டர்களுமே தெருவுக்கு வந்து போராடினார்கள். விவசாயிகளுக்கான உயர்வைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால்?

இந்திய அரசியல் சாசனத்திலும் போலீஸ் மாநிலப் பட்டியலில்தான். ஆனால் தமிழ்நாட்டில் போலீஸை முதல்வரே வைத்துக்கொள்வது பல காலப் பழக்கம், கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா எல்லோரும் அப்படியே. 2016 அக்டோபரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவர் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் போனது தலைப்புச் செய்தியானதே அதனால்தான். பேரிடர் அங்கே வருவாய்த் துறையோடு இருக்கிறது. வெள்ளம் வந்தால் முன்னால் நிற்பவர் கலெக்டர். இங்கே கலெக்டர் என்று ஒருவர் கிடையாது என்பதைப் புதிதாக வருபவர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

அரசியல் தலையீட்டைத் தடுக்க 2006-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் மாநிலங்களுக்குப் பல உத்தரவுகள் போட்டது. அதில் பேசப்பட்ட சிக்கல் அடிலெய்டு நாற்சந்தியில் எழுந்த அதே சிக்கல்தான்.

கூரை மேல் மரம் விழுந்துவிட்டது. யாரைக் கூப்பிட?

உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் எஸ்இஎஸ், 132 500. ஒரு புயல் இரவில் எங்கள் யூகலிப்டஸ் கிளை ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேசை மேல் வாளி, வாளியில் சொட்டு. இரவு பதினொன்றுக்கு ஆரஞ்சு உடையில் நாலு பேர். ஒருவர் ஏணி பிடிக்க, இருவர் மேலே ஏறித் தார்ப்பாயை விரித்து ஓரத்தில் மணல்மூட்டை வைத்துக் கட்டினார்கள். இறங்கி வந்தவரிடம் டீ நீட்டியபோதுதான் பார்த்தேன், பகலில் எங்கள் வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்காருபவர். நிரந்தரமாகப் பழுதுபார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அதற்கு இன்ஷூரன்ஸ்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தனியாக இருக்கும்போது 000 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டால்?

மூன்று சொல் போதும்: போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ். இவை எப்படியும் அம்மாவுக்குத் தெரிந்தவை. முதலில் எடுக்கும் குரல் எந்த மாநில மந்திரியின் ஆளும் இல்லை, டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் ஆபரேட்டர். மூன்றில் எது வேண்டும் என்று அவர் கேட்பார். அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் மாநிலத்துக்கு மாற்றிவிடுவார். அங்கே "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வைத்துவிடாமல் லைனில் இருக்க வேண்டும், அதை மட்டும் நாலு தடவை சொல்லி வையுங்கள். மணி அடித்து மௌனமானால் கட்டாகிவிட்டது என்று போனை வைத்துவிடுவது நம் வீட்டுப் பெரியவர்கள் பழக்கம். வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள், தமிழில் எழுதினால் அவரே படித்துச் சொல்லிவிடுவார்.